கவிழ்த்த வள்ளமும் மலைத் தறப்பாளும்

1

இந்த நாட்டுச் சனம் மழைக்குள் வேண்டுமென்றே போகிறது. வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஐப்பசி மழை இறங்கினால் கடலுக்குப் போகிறவர்கள்கூட வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் இருந்து கிழிந்த வலை பொத்துவார்கள். நோர்வேக்காரருக்கு அதே ஐப்பசியில்தான் கால் சும்மா இருக்காது. பிள்ளை குட்டிகளோடு மலைக்குப் போய், நனைந்த விறகில் நெருப்பு மூட்டி, மரக்கொப்பு பரப்பிப் படுக்கை போட்டு, கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்து கோப்பி குடித்துவிட்டு, பெரிய திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி முகம் மலர்ந்து திரும்புவார்கள்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: குளிர் எப்படி? அதற்கு இதுவரை நான் ஒழுங்கான பதில் எழுதியதில்லை. இந்த முறை எழுதுகிறேன். ஏனென்றால் இரண்டு கிழமைக்கு முன்னர் நானும் அந்த மலைக்குப் போனேன்.

மகள் நிர்மலாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய வகுப்பு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு சனி ஞாயிறு காட்டில் தங்கும். பிள்ளைக்கு ஒரு பெற்றோராவது கூடப் போகவேண்டும். ஊரில் கெளிற்றுமீன் காலம் போல, இங்கே மீன் தொழிற்சாலையில் ஹெரிங் மீன் குவிகிற காலம் இது. என் கணவர் அன்ரனுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆகவே நான்தான் போவது என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் நிர்மலா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, வாறதெண்டால் வாங்கோ. ஆனால் அங்கை கனக்கக் கதைக்காதேங்கோ.”

என்னுடைய நோர்வேஜியன் அவளுக்கு வெட்கம். நான் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. ஐந்து வருடமாக நான் மீனோடு வேலை செய்கிறேன், மீன் இலக்கணம் கேட்பதில்லை. அவளோ பள்ளிக்கூடத்தில் போய் இறங்கிய நாளிலிருந்து இந்த மொழிக்குள் நீந்துகிறவள். வீட்டில் நான் ஒரு வசனம் தொடங்கினால் முடிப்பதற்குள் அதைத் திருத்தி மேசையில் வைத்துவிடுவாள்.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. பயணத்துக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியர் தொலைபேசியில் சொன்னபோது எடுத்தவர் அன்ரன். இந்த மொழியில் ‘உல்’ என்றால் கம்பளி, ‘ஒல்’ என்றால் பியர். இரண்டுக்கும் நடுவில் எங்கள் காதுக்கு எட்டாத ஒரு மயிரிழை. பெற்றோர் கட்டாயம் கொண்டுவரவேண்டியது, இரண்டு சோடி, உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னாராம். அன்ரனின் காதில் விழுந்தது ‘ஒல்’, குளிருக்குத்தான் என்று நினைத்தார். சனிக்கிழமை காலை முகாமில் எல்லார் முன்னாலும் என் பையைத் திறந்தபோது மேலே மின்னிக்கொண்டு இருந்தது நாலு ரின் பியர். ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிர்மலா காட்டுக்குள் நடந்து போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றாள். நல்ல காலம், கம்பளி உடுப்பையும் நானாகவே அடியில் வைத்திருந்தேன்.

2

அங்கே வந்திருந்த தாய்மாரில் எனக்கு முன்பே தெரிந்த ஒருத்தி இங்கர். அவளுடைய மகள் லீனா நிர்மலாவின் வகுப்பு. ஆனால் இங்கரை எனக்குப் பள்ளிக்கூடத்தால் தெரியாது, பதிவுக் கந்தோரால் தெரியும்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். அன்ரனுக்கு அவருடைய தகப்பன் பெயர், எனக்கு என் தகப்பன் பெயர், நிர்மலாவுக்கு அன்ரன். நமக்கு இது சாதாரணம். இங்கே அது ஒரு வழக்கு. நானும் பிள்ளையும் வந்து சேர்ந்த வருடம் பதிவுக்குப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இங்கர். மூன்று கடுதாசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் மூன்று குடும்பமா என்று கேட்டாள். ஒரே குடும்பம் என்றேன். அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு நீ யார் என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவளுடைய படிவத்துக் கட்டத்தில் நிரப்ப ஒரு சொல் வேண்டும். ஆனால் பிள்ளை பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலு முறை போய் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஞானஸ்நானப் பத்திரம் எடுப்பித்து, மொழிபெயர்ப்பித்துக் கொடுத்த பிறகுதான் நான் சட்டப்படி தாயானேன்.

அதற்குப் பிறகு கடையில் கண்டால் அவள் தலை அசைப்பாள், நானும் அசைப்பேன். அதற்கு மேல் இல்லை. ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஆட்களைப் பிரித்தபோது, பிள்ளைகள் சிநேகிதிகள் என்பதால் எங்கள் நாலு பேரையும் ஒன்றாகப் போட்டார்.

3

அதற்கு முதல் சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது.

கஷ்டப்பட்ட நாட்டிலிருந்து வந்தவள், விறகடுப்பில் சமைத்தவள், இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துத்தான் போனேன். சரி, குந்தினேன், ஊதினேன், ஒரு பெட்டி நெருப்புக்குச்சி முடிந்தது, புகை மட்டும் வந்தது. எங்கள் நெருப்பு காய்ந்த தென்னம்பாளைக்கும் பன்னாடைக்கும் பனங்கொட்டை ஊமலுக்கும் பழகிய நெருப்பு. இங்கத்தை விறகு உள்ளுக்குள்ளேயே மழையை வைத்திருக்கிறது. ஆசிரியர் வந்து பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையை வெங்காயத் தோல் போல உரித்துக் காட்டினார். அதில் எண்ணெய் இருக்கிறது, நனைந்தாலும் பற்றும். செத்த கொப்பு நிலத்தில் கிடந்தால் எடுக்காதே, மரத்தில் நின்றபடி செத்ததை எடு என்றார். பின்னேரத்துக்குள் ஒரே குச்சியில் மூட்டப் பழகிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு பாடமான நாளுக்குப் பிறகு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

தறப்பாள் கட்டுவது மட்டும் எனக்குப் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. வலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முடிச்சுத் தெரியாமல் இருக்குமா? மற்றப்படி அன்று நான் முழு மாணவி. யாராவது தண்ணீருக்குள் விழுந்தால் முதல் வேலை ஈர உடுப்பைக் கழற்றுவது, வெட்கம் பார்க்கக் கூடாது. பாதை தவறினால் நின்ற இடத்தில் நில், தேடுகிறவன் உன்னிடம் வருவான். இரண்டையும் ஆசிரியர் பிள்ளைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். நானும் சேர்ந்து சொன்னேன். நிர்மலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

4

ஞாயிறு காலை வானம் வெளித்திருந்தது. மலையைச் சுற்றி ஒரு பாதை. கல்லுகளில் சிவப்புப் பூச்சு அடையாளம். அதைப் பார்த்து நடந்தால் மத்தியானத்துக்குப் பிறகு முகாமுக்கே வந்து சேரலாம். இங்கர் இந்த மலையில் சின்ன வயதிலிருந்து நடந்தவள், முன்னால் போனாள். பிள்ளைகள் நடுவில். நான் கடைசியில், தறப்பாளும் கயிறும் பேர்ச் பட்டை நிரப்பிய ஒரு பையுமாக. பட்டை எதற்கு என்று இங்கர் கேட்டாள். ஆசைக்கு என்றேன்.

உச்சிக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது வெள்ளைப் புகார் மூடிக்கொண்டு வந்தது. கடலிலிருந்து ஏறி, பத்துப் பாகத் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் ஆக்கிவிட்டது. சிவப்பு அடையாளம் ஒன்று கண்டோம், அடுத்தது காணவில்லை. இங்கர் ஒரு தடத்தைப் பிடித்து இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது செம்மறி போன தடம் என்று எனக்கே தெரிந்தது, ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் முன்னால் போகிறவருக்கு நிற்பது கஷ்டம்.

கீழே ஒரு அருவி குறுக்கே ஓடியது. கல்லில் கால் வைத்துத் தாண்டப்போன இங்கர் வழுக்கி விழுந்தாள். நெஞ்சளவு தண்ணீர், பனி உருகியது போன்ற குளிர். நானும் பிள்ளைகளுமாகக் கையைப் பிடித்து இழுத்தெடுத்தோம். முழங்கால் திருகிவிட்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது. ஆனால் எழும்பி நின்று, றோட்டு இதோ கீழேதான், நடந்தால் சூடாகும், வாருங்கள் என்று மறுபடி இறங்கத் தொடங்கினாள். லீனா அழத் தொடங்கினாள்.

நான் இங்கரின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அப்போது நான் பேசிய நோர்வேஜியனைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“நீ நடக்க இல்லை. நான் நடக்க இல்லை. ஈரம் கழற்ற. இங்கே இருக்க.”

அவள் தலையை ஆட்டினாள். தனக்கு இந்த மலை தெரியும் என்றாள். சொல் குழறியது. நான் அதே நாலு வசனத்தைத் திரும்பச் சொன்னேன், இன்னும் சத்தமாக. வேறு வசனம் என்னிடம் இருக்கவும் இல்லை. இங்கர் நிர்மலாவைப் பார்த்தாள், உன் அம்மா என்ன சொல்கிறார் என்பது போல.

நிர்மலா என்னையும் அவளையும் பார்த்தாள். நான் திருத்தத்துக்குக் காத்திருந்தேன். அவள் திருத்தவில்லை.

“அம்மா சொல்வதைக் கேளுங்கள்” என்று அவர்களுடைய சுத்தமான மொழியில் சொன்னாள். “அவருக்கு இது தெரியும்.”

எனக்குத் தெரியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

5

இனி ஊர்க்கதை. எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி. அன்ரன் நோர்வேக்குப் போய் ஒரு வருடம். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்துச் சண்டை குருநகரைத் தொட்டபோது நானும் அன்ரனின் அக்கா பிலோமினா மச்சாளும் ஐந்து வயது நிர்மலாவும் கரையோரமாகக் கொழும்புத்துறைப் பக்கம் ஓடினோம். ஒரு பை, ஒரு போத்தல் தண்ணீர், செபமாலை. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. பாசையூர் தாண்டும்போது ஷெல் விழுகிற சத்தம் முன்னாலும் பின்னாலும் கேட்டது.

மச்சாள் நட, நட என்று பிடிவாதமாக நின்றார். அவரை எதிர்த்து நான் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அன்ரனே சொல்லமாட்டார். ஆனால் பிள்ளை என் இடுப்பில் விறைத்துப்போய்த் தலை சாய்த்துவிட்டாள். கரையில் ஒரு பெரிய வள்ளம் கட்டைகளில் கவிழ்த்துக் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அதற்குக் கீழே பிள்ளையோடு தவழ்ந்து போய்விட்டேன்.

“றெஜினா, உனக்கென்ன விசரோ? வெளியாலை வா.”

“நான் வரேல்லை மச்சாள். நீங்கள் உள்ளுக்கை வாங்கோ.”

அவர் மழையில் நின்று என்னை வைதுவிட்டு, பிறகு தானும் தவழ்ந்து வந்தார்.

உள்ளே மணல் உலர்ந்து கிடந்தது, ஒரு சின்ன நண்டு ஓடியது. தாரும் மீனும் மணத்தது. நிர்மலாவின் ஈரச்சட்டையைக் கழற்றி என் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளை துள்ளினாள். இது என்ன சத்தம் என்று கேட்டாள். கோயில் பெருநாள் வெடி என்று என் வாயில் வந்துவிட்டது. நாங்கள் பெருநாள் பார்க்கப் பயணம் போகிறோம், மழை விடும்வரைக்கும் நண்டு வீட்டில் தங்குகிறோம் என்றேன். பிலோமினா மச்சாள் என்னைப் பார்த்தார். கோபம் ஆறாத முகம். அடுத்த சத்தம் கிட்டத்தில் கேட்டது. மச்சாள் பிள்ளையின் காதுக்கருகே குனிந்து, “அந்தா, அடுத்த வெடி. உது பெரிய வெடி” என்றார். அன்று பின்னேரம் முழுக்க அவர் வெடிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

மழையும் சத்தமும் ஓய்ந்ததும் நடந்தோம், போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் நிற்காமல் நடந்தவர்களும் பத்திரமாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆகவே யார் சொன்னது சரி என்று இன்றுவரைக்கும் தீர்ப்பில்லை. மச்சாள் இப்போது கொக்குவிலில் ஒரு வளவுக்குள் இருக்கிறார். இதை வாசித்தால் தான் சொன்னதுதான் சரி என்பார். சொல்லட்டும். எனக்கு அன்று கிடைத்தது வேறு. முடிவெடுக்க எனக்கு வரும் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த நாளைப் பற்றி நிர்மலாவோடு நான் ஒருபோதும் கதைத்ததில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, மறந்தது நல்லதுதான் என்றிருந்தேன்.

6

தறப்பாளை இரண்டு பாறைக்கு நடுவில் இழுத்துக் கட்டினேன். இங்கரின் உடுப்பைக் கழற்றினோம். ஐந்து வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள், இப்போது பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என்னுடைய இரண்டாவது கம்பளிச் சோடியைப் போட்டுவிட்டேன். அருவிக்கரையில் கட்டையாக வளைந்த பேர்ச் மரங்கள் நின்றன. மரத்தில் நின்றபடி செத்த கொப்பை முறிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன், தறப்பாள் கண்ணில் படுகிற தூரத்துக்குள். பட்டை ஒரே குச்சியில் பிடித்தது. நனைந்த கொப்பு முதலில் சண்டை போட்டது, பிறகு இணங்கியது.

லீனா அழுகையை நிறுத்தவில்லை. அப்போது நிர்மலா அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கதை சொல்லத் தொடங்கினாள்.

தான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதைவிடப் பெரிய மழையில் அம்மாவோடும் மாமியோடும் ஒரு பயணம் போனதாம். அன்றைக்குப் பெருநாளாம், நாள் முழுக்க வாணவெடியாம். மழை பெய்ய, கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே வீடு பிடித்தார்களாம். உள்ளுக்குள் காய்ந்த மணலாம், நண்டு இருந்ததாம். மாமி ஒவ்வொரு வெடிக்கும் பெயர் வைத்தாராம். அம்மாவுக்கு இப்படி வீடு கட்டத் தெரியும், பயப்படாதே என்றாள்.

நான் நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். புகை நல்ல வசதி, கண் கலங்கினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நாங்கள் எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம், என்ன காரணம் சொல்லி வந்தோம் என்பது தெரியும். அவள் கையால்தானே அதைப் பதிந்தாள்.

நேரம் போகப் போக இங்கரின் நடுக்கம் குறைந்தது, உதட்டில் நிறம் வந்தது. பிள்ளைகள் முகாமில் கொடுத்த விசிலை மாறி மாறி ஊதினார்கள். இருட்டுப் பிடிப்பதற்குள் ஒரு நாய் குரைத்தது. ஆசிரியரும் ஒரு விவசாயியும் புகைமணத்தைப் பிடித்து வந்ததாகச் சொன்னார்கள். றோட்டு கீழே இருக்கவில்லை. இங்கர் போகப்பார்த்த பக்கம் ஒரு சதுப்பும், அதற்கப்பால் வெறும் மலையும்தான். ஆசிரியர் அதை என்னிடம் தனியாகத்தான் சொன்னார். நான் இங்கரிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டால் வீட்டில் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வாள்.

7

புதன்கிழமை இங்கர் தோய்த்து மடித்த என் கம்பளி உடுப்போடு வீட்டுக்கு வந்தாள். முழங்காலில் கட்டு. அவள் வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நான் மீன் வைத்துச் சுருட்டிய றோல்ஸ் பொரித்தேன், அவள் உறைப்புக்கு மூக்கைத் துடைத்துத் துடைத்து நாலு சாப்பிட்டாள். அன்ரன் பெரிய தைரியத்தோடு அவளுக்கு ஒரு பியர் நீட்டினார்.

பிறகு அவள், லீனா வீட்டில் அந்த வள்ளக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள். கொஞ்சம் பொறுத்து, நான் சொல்ல விரும்பாவிட்டால் சொல்லத் தேவையில்லை, ஆனால் அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

நிர்மலா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளை உள்ளே அனுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அனுப்பவில்லை. மலையில் மற்றப் பிள்ளையின் அழுகையை நிறுத்தியவள், இதையும் கேட்கலாம். என் முறிந்த நோர்வேஜியனிலேயே முழுவதையும் சொன்னேன். ‘ஷெல்’ என்பதற்குச் சொல் தெரியாமல் நின்ற இடத்தில் அன்ரன் எடுத்துக் கொடுத்தார். நிர்மலா ஒரு சொல்லும் திருத்தவில்லை. வெடி என்று நாங்கள் சொன்னது என்ன என்பதைக் கேட்டபோது கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தாள்.

இங்கர் போகும்போது வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வது லேசில்லை.

நான் வெளிவாசலில் குந்தியிருந்து மலைச் சப்பாத்துகளின் காய்ந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினேன். நிர்மலா வந்து மற்றச் சோடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். ஒரு சப்பாத்துச் சுரண்டி முடிந்ததும் கேட்டாள்.

“அப்ப பெருநாள் இல்லையோ?”

“இல்லை.”

“நண்டு?”

“நண்டு இருந்தது. அது உண்மை.”

அவள் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

“வள்ளத்துக்குக் கீழை நீங்கள் பயந்தனீங்களோ?”

“சரியாப் பயந்தனான். மாமியும்தான்.”

“எனக்குத் தெரியேல்லையே.”

“உனக்குத் தெரியக்கூடாது எண்டுதானே.”

இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். பிறகு நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை மலையிலை?”

“இல்லை. அண்டைக்கு நான் பயப்பிடேல்லை.”

இதுவும் ஒரு பெருநாள் வெடியோ என்று அவள் என் கண்ணைத் தேடினாள். தேட விட்டேன். நானும் ஒருமுறை எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். நான் சொன்னது உண்மைதான்.